அறுபது வருசம் இறுகிக் கிடந்த வில்

போன தை மாசம் கட்டுத்தரைக்கு ஓடு மாத்தினோம். பழைய ஓட்டைப் பிரிச்சா, அட்டாலி மேல பல வருசமா யாரும் கை வைக்காத சாமான்கள். ஏர்க்கலப்பை, நுகத்தடி, கமலை ஓட்டின காலத்துச் சால், எலி கடிச்ச சாக்கு. எல்லாத்துக்கும் அடியில ஒரு கறுப்புப் பெட்டி. பார்க்க சூட்கேஸ் மாதிரி இருந்தது. மேல ஒட்டின ரெக்சின் பாதி உரிஞ்சு, ஒரு மூலையைக் கரையான் அரிச்சு, கொக்கி துருப்பிடிச்சுக் கிடந்தது. நெம்பித் திறந்தேன். வட்டத் தட்டு, வளைஞ்ச கைக்குழாய், மூடியோட உள்பக்கம் குழாய் முன்னாடி உட்கார்ந்து பாட்டுக் கேக்கற நாய். எச்.எம்.வி. கிராமபோன்.

எங்க வீட்ல ஒரு பாட்டுப்பெட்டி இருந்துச்சுன்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன். பார்த்தது இப்பத்தான்.

பழைய இரும்பு எடுக்க வந்தவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு முந்நூறு ரூபாய் தர்றேன்னார். போட்டோ எடுத்து டவுன்ல இருக்கற பழம்பொருள் வியாபாரி ஒருத்தருக்கு அனுப்பினேன். அவர் வேற யோசனை சொன்னார். "பெட்டி மாடலுக்கு மதிப்பு இல்லீங்க. மோட்டாரை மட்டும் எடுத்து, புது மரப்பெட்டியில வெச்சு, பித்தளைக் குழாய் மாட்டி பாலிஷ் போட்டா நல்ல விலைக்குப் போகும்." நீங்க ஓட்டல் வரவேற்பறையில, கைவினைப் பொருள் கடையில பார்க்கற பளபளா குழாய் கிராமபோன்ல பெரும்பாலானது இப்படி ஒட்டுப் போட்டுச் செஞ்சதுதான். நான் தர்றதா இல்லைன்னு சொல்லிட்டேன்.

சாயந்திரம் எங்க அப்பாகிட்டக் காட்டினேன். அவருக்கு எண்பது வயசு. பெட்டியைப் பார்த்த உடனே சொன்னார்: "இது அன்னைக்கே போச்சுடா. அந்தப் பையன் அளவுக்கு மேல முறுக்கி வில்லை அறுத்துட்டான்."

அந்தப் பையன் யாருன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு அவருக்கு எழுபத்திநாலு வயசு. அவர் பேரை எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால பெரியவர்னே சொல்றேன். 1963 வாக்குல எங்க பண்ணையத்துல மாடு மேய்ச்ச பையன் அவர். அப்பாவோட அப்பாவை நாங்க அப்பாருன்னு சொல்லுவோம். அந்த அப்பாரு பாட்டு வைக்கும்போது பெட்டிக்குச் சாவி கொடுக்கறது இந்தப் பையன் வேலை. ஒரு நாள் பாட்டு நடுவுல நின்னுபோச்சு. சாவி சுத்தவும் மாட்டேங்குது, தட்டும் ஓட மாட்டேங்குது. பையன்தான் முறுக்கிக் கெடுத்தான்னு முடிவு பண்ணினாங்க. அடி விழுந்தது. வருசச் சம்பளமா அளக்கற சோளத்துல நாலு வள்ளம் கழிச்சுக்கிட்டாங்க. அப்பாரு கோபத்துல சாவியைக் கிணத்துக்குள்ள வீசிட்டார். பெட்டி அட்டாலிக்குப் போச்சு. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை இது. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க.

இந்தப் பெட்டியைச் சரிபண்ணின கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனா பெட்டி எங்கிருந்து எப்படி வந்ததுன்னு கொஞ்சம் தெரிஞ்சாத்தான் மீதி புரியும்.

1877-ல எடிசன் பேச்சைப் பிடிச்சு வெச்சு, திருப்பிக் கேட்டார். ஈயத்தாள் சுத்தின உருளையில ஊசி கீறின கோடுதான் அது. அதுக்கு போனோகிராப்னு பேர். அப்புறம் மெழுகு உருளை வந்தது. உருளையில ஒரு கஷ்டம், ஒண்ணுல இருந்து ஆயிரம் பிரதி எடுக்கறது லேசுல முடியாது. 1887-ல எமில் பெர்லினர்ங்கறவர் உருளைக்குப் பதிலா தட்டையான தட்டுல கோடு போட்டார். தட்டுன்னா ஒரு அச்சு செஞ்சுக்கிட்டு, அச்சு வெல்லம் மாதிரி அடிச்சுத் தள்ளலாம். அவர் வெச்ச பேர்தான் கிராமபோன். அமெரிக்காக்காரங்க ரெண்டையும் போனோகிராப்னே சொன்னாங்க. நம்ம ஊர்ல கிராமபோன், பாட்டுப்பெட்டி. தட்டுக்குப் பேர் பிளேட்டு.

1902-ல லண்டன் கிராமபோன் கம்பெனியில இருந்து பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாட்டுப் பதிவு பண்ணினார். அதுல பேர் வாங்கினவர் கௌஹர் ஜான். அவர் ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் இங்கிலீஷ்ல தன் பேரைச் சொல்லுவார். ஏன்னா தட்டு அடிக்கறது ஜெர்மனியில ஹானோவர்ல. அங்க இருக்கறவங்களுக்கு இது யார் பாட்டுன்னு தெரிஞ்சாத்தானே சரியான லேபிள் ஒட்ட முடியும்.

விவசாயியா எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் தட்டு எதுல செஞ்சதுங்கறதுதான். அரக்கு! எங்க ஊர்ல அரிவாளுக்குப் பிடி போடும்போது உருக்கி ஊத்துவாங்களே, அதே சாமான். புரசு, இலந்தை மாதிரி மரங்களோட கிளையில ஒரு சின்னப் பூச்சி சாறு குடிச்சுக்கிட்டு, தன்னைச் சுத்திப் பிசின் மாதிரிக் கூடு கட்டும். சோட்டா நாக்பூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதை ஒரு வெள்ளாமையாவே செஞ்சாங்க. கிளையை வெட்டி, சுரண்டி, கழுவி, உருக்கி எடுத்தா அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்குல பெரும்பங்கு இந்தியாவுல இருந்துதான் போச்சு. தட்டு முழுக்க அரக்கு இல்லை. கால் பங்கோ அதுக்கும் குறைச்சலோதான். மீதி கல்லு மாவு, கரித்தூள், கொஞ்சம் பஞ்சு. ஆனா எல்லாத்தையும் கட்டிப் பிடிக்கறது அரக்கு. 1942-ல யுத்தத்தால இங்கிருந்து அரக்கு போறது தடைப்பட்டப்போ, அமெரிக்காவுல அரக்கு உபயோகத்துக்கே கட்டுப்பாடு போட்டாங்க. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாத்தான் புதுசுங்கற நிலைமை வந்தது.

நம்ம காட்டுல விளைஞ்ச அரக்கு கப்பல் ஏறிப் போய், நம்ம ஆளுங்க பாட்டா திரும்பி வந்துச்சு. 1908-ல கல்கத்தாவுலயே தொழிற்சாலை வெச்ச பிறகுதான் அந்தச் சுத்து குறைஞ்சது.

தமிழ்ல யார் பாடினாங்க? ஆரம்ப காலத்துல குடும்பப் பெண்கள் பதிவுக்கு வர்றது அபூர்வம். பாடினவங்கள்ல நிறையப் பேர் தேவதாசி மரபுல வந்த கலைஞர்கள். எங்க பக்கத்துல இருந்து கோயம்புத்தூர் தாயி. அவங்க தட்டைக் கேட்டுட்டு பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் மோரீஸ் டெலாஜ் 'ராகமாலிகா'ன்னு ஒரு பாட்டே அமைச்சார். கோயம்புத்தூர்ல எத்தனையோ வீட்டு நடைக்குள்ள அந்த அம்மாவை உள்ள விட்டிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க குரல் ஆசாரத்து நடுவுல ஒலிச்சது.

1925 வரைக்கும் மைக் கிடையாது. ஒரு பெரிய குழாய் வாயில முகத்தை வெச்சுக் கத்திப் பாடணும். பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம்தான். ஒரு மணி நேரம் விரிச்சுப் பாடற ராகத்தை மூணு நிமிசத்துக்குள்ள மடிச்சு வெச்சாங்க. நாடகக்காரங்களுக்கு இது கைவந்தது. மைக் இல்லாத கொட்டகையில கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரிப் பாடிப் பழகினவங்க அவங்க. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடின தட்டு வீடு வீடாப் போச்சு. கிட்டப்பா 1933-ல இருபத்தேழு வயசுல போய்ச் சேர்ந்துட்டார். இன்னிக்கும் நாம அவரைக் கேக்க முடியுதுன்னா அது தட்டு இருந்ததால. அதே காலத்துல, பின்னாடி ஏவி.எம். ஸ்டுடியோ ஆரம்பிச்ச மெய்யப்பச் செட்டியார், மெட்ராஸ்ல சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெச்சு ஓடியன் தட்டு வித்துக்கிட்டிருந்தார். ஒரு முழு நாடகத்தையே ஏழெட்டுத் தட்டுல பிரிச்சு 'செட்'டா விப்பாங்க. எங்க அப்பாரு வாங்கினதும் அப்படி ஒரு செட்டுதான். புகையிலை நல்ல விலைக்குப் போன ஒரு வருசம் கோயம்புத்தூர் போய்ப் பெட்டியும் செட்டும் சேர்த்து வாங்கி, மாட்டு வண்டியில கொண்டுவந்தாராம்.

பொழுது இறங்கினா திண்ணை மேல பெட்டி வரும். திண்ணையில உட்கார்ந்து கேக்கறது ஊர்ல சிலர். வாசல்ல நின்னு கேக்கறது சிலர். வாசலுக்கு வெளியில, தென்னை மரத்தடியில நின்னு கேக்கறது பலர். யார் எங்க நிக்கணும்னு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. பையன் மட்டும் திண்ணைக்குக் கீழ, பெட்டிக்குப் பக்கத்துல. சாவி சுத்தணுமே.

சரி, இப்போ பெட்டிக்கு வர்றேன்.

நாலு திருகைக் கழட்டினா மேல்பலகை மோட்டாரோட தனியா வந்துடும். உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சு. பஞ்சும் சோளச் சக்கையும் ஒரு கூடை. அதை எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கிராமபோன் மோட்டார்ல மூணு முக்கியமான பாகம் உண்டு. ஒண்ணு வில். நீளமான இரும்புப் பட்டையைச் சுருட்டி ஒரு டப்பாவுக்குள்ள அடைச்சிருப்பாங்க. ரெண்டாவது பல்சக்கரங்கள். மூணாவதுதான் கவர்னர். திருவிழாவுல நாற்காலி ராட்டினம் பார்த்திருப்பீங்க. வேகம் கூடக்கூட நாற்காலி வெளிப்பக்கம் விரியும் இல்லையா? அதே தத்துவம். மெல்லிய தகடு மூணுல மூணு எடைக்குண்டு. சுத்தும்போது குண்டு விரிஞ்சா, ஒரு வட்டத் தகடு இழுபட்டுப் போய் தோல் திண்டுல உரசும். வேகம் தானா அடங்கும். இது இல்லேன்னா வில் இருக்கற பலத்தை எல்லாம் ஒரே மூச்சுல கொட்டித் தீர்த்துடும்.

கவர்னர்ல ஒரு தகடு அறுந்திருந்தது. அதுல இருந்த குண்டு நழுவிப் போய்ச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு அடிச்ச மாதிரி சிக்கியிருந்தது.

இந்த இடத்துல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். வில்லுல பலம் இருக்கா இல்லையான்னு சோதிக்காம, ஸ்க்ரூ டிரைவரால அந்தக் குண்டை நெம்பினேன். வில்தான் அறுந்துபோச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரே, பயம் எதுக்குன்னு நினைச்சேன். குண்டு விடுபட்டதும் மோட்டார் ஒரு உறுமல் உறுமிச்சு. கையை இழுத்துக்கிட்டேன். அச்சு சுத்த ஆரம்பிச்சது. மெதுவா, தடுமாறித் தடுமாறி ஒரு பத்துப் பன்னிரண்டு சுத்து. உள்ள இறுகின கிரீஸ் விடறப்போ 'டம்'னு ஒரு சத்தம். திரும்பவும் நாலு சுத்து. அப்புறம் நின்னது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

அறுந்த வில் சுத்தாது. இது சுத்துச்சு. அப்போ வில் அறுபடவே இல்லை. சாவியை அப்பாரு அன்னைக்கே கிணத்துல வீசிட்டார், அதுக்கப்புறம் யாரும் இதைச் சுத்த வழியே இல்லை. நான் கண்ணால பார்த்த அந்தப் பதினாறு சுத்தும் 1963-ல அந்தப் பையன் கொடுத்த சாவி. அது வில்லுக்குள்ளயே இருந்திருக்கு.

நடந்தது இதுதான். கவர்னர் தகடு தேஞ்சு அறுந்தது. அது காகிதம் மாதிரி மெல்லிசு. வருசக்கணக்கா வளைஞ்சு வளைஞ்சு சுத்தறதால என்னிக்காவது அறுபடறது இயற்கை. சாவி கொடுக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. குண்டு சிக்கினதும் தட்டு நின்னது. வில் முழுசா இறுகியிருந்ததால சாவியும் நகரலை. வெளியில இருந்து பார்த்தவங்களுக்கு 'முறுக்கி இறுக்கிட்டான்'னு தோணியிருக்கு. அன்னைக்கு யாராவது நாலு திருகைக் கழட்டிப் பார்த்திருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். யாரும் கழட்டலை. பையன் கை வெச்சான், பொருள் கெட்டுது, அவ்வளவுதான் விசாரணை.

இன்னிக்கும் பழைய கிராமபோன் விக்கறவங்க 'ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, அதான் ஓடலை'ம்பாங்க. முழுசா சாவி கொடுத்த வில் ஓடத்தான் செய்யணும். ஓடலைன்னா வேற எங்கயோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். உங்க வீட்டு அட்டாலியில இப்படி ஒண்ணு இருந்தா, நான் பண்ணின மாதிரி பண்ணாதீங்க. முதல்ல வில்லோட பலத்தை முழுசா இறக்குங்க. வில் டப்பாவைத் தெரியாதவங்க திறக்கவே கூடாது. அந்தப் பட்டை விருட்டுன்னு விரிஞ்சா கை கிழிஞ்சுடும்.

வில் டப்பாவை மட்டும் ஒரு பழைய கடிகார மெக்கானிக்கிட்டக் கொடுத்தேன். அவர் கனமான கையுறை போட்டுக்கிட்டு வில்லைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியில எடுத்தார். கிரீஸ் தார் மாதிரிக் கெட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெயில ஊற வெச்சு, துடைச்சு, கிராபைட் கலந்த கிரீஸ் தடவித் திரும்பவும் சுருட்டினார். வில்லுல ஒரு கீறல் கூட இல்லை. கவர்னருக்குப் புதுத் தகடு வரவழைச்சோம். ஒண்ணு அறுந்தாலும் மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும், இல்லேன்னா சமமா சுத்தாம ஆட்டம் போடும். சாவிக்கு, துளையை அளவெடுத்துக்கிட்டுப் போய் லேத்துல கடைஞ்சு வாங்கினேன்.

அடுத்தது சவுண்ட் பாக்ஸ். ஊசி மாட்டற அந்த வட்டமான தலைப்பகுதி. தட்டுல உள்ள கோடு நேரா இருக்காது, இடமும் வலமுமா நெளிஞ்சு போகும். ஊசி அந்த நெளிவுல ஆடும். ஆட்டம் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை அதிர வைக்கும். அந்தச் சத்தம் கைக்குழாய் வழியாப் போய், பெட்டிக்குள்ள மடிச்சு வெச்ச குழாய்ல பெருசாகி வெளிய வரும். கரண்டு இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. தகட்டைச் சுத்தி இருக்கற ரப்பர் மெத்துன்னு இருக்கணும். நம்மளது கல்லாகியிருந்தது. முதல்ல சைக்கிள் வால்டியூபை நறுக்கி வெச்சுப் பார்த்தேன், குரல் மூக்கடைச்ச மாதிரி வந்தது. மெல்லிசான சிலிக்கான் டியூப் வெச்ச பிறகு தெளிஞ்சது.

வேகத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. தட்டு நிமிசத்துக்கு 78 சுத்து சுத்தணும். ஒரு காகிதத்துல வட்டமா 77 கோடு சம இடைவெளியில போட்டு, தட்டு மேல வெச்சு, சோக் வெச்ச பழைய டியூப் லைட்டு வெளிச்சத்துல பார்க்கணும். நம்ம கரண்டு 50 சைக்கிள். லைட்டு செகண்டுக்கு நூறு தடவை மினுக்கும். வேகம் 78-ல நின்னா, சுத்தற தட்டுல கோடுகள் அசையாம நிக்கற மாதிரி தெரியும். கரண்டே தேவைப்படாத பெட்டிக்குக் கரண்டு லைட்டை வெச்சு வேகம் பார்த்தது எனக்கே சிரிப்பா இருந்தது.

ரெக்சினை மாத்தலை. கரையான் அரிச்ச மூலைக்கு மட்டும் மரம் வெச்சு ஒட்டினேன். கைப்பிடியில தேஞ்ச தேய்மானம், மூடியில நாய் படத்துக்கு மேல இருக்கற கீறல் எல்லாம் அப்படியே இருக்கு.

மூடிக்குள்ள ரெண்டு தட்டு மிஞ்சியிருந்தது. ரெண்டும் அந்த நாடக செட்டோட நடுத்தட்டுகள், ஒண்ணை அடுத்து ஒண்ணு. அழுக்கா இருக்கேன்னு ரெண்டாவது தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். துணி கறுப்பாச்சு. அழுக்கு போகுதுன்னு சந்தோசமா இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். போனது அழுக்கு இல்லை, பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டுல கரையும். மரச் சாமானுக்கு பாலிஷ் போடறவங்க அப்படித்தானே கரைக்கறாங்க, எனக்குத் தெரிஞ்ச விசயம்தான், கை செய்யும்போது மூளைக்கு எட்டலை. சோப்புத் தண்ணி லேசாத் தொட்டு, லேபிள் நனையாம துடைச்சிருக்கணும். எழுபது வருசம் எலியும் கரையானும் விட்டு வெச்ச தட்டை நான் ரெண்டு நிமிசத்துல அழிச்சேன். என் கையில இருந்து சோளம் கழிச்சுக்க யாரும் இல்லை.

நகரத்து நண்பர்கள் ஒருத்தர் கேட்டார், 1963-ல கூடவா சாவி கொடுக்கற பெட்டின்னு. ஆமாங்க. பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோயம்புத்தூர் மில்லுக்கு வந்துடுச்சு. எங்க ஊர் மாதிரி கிராமத்துக்கு வர ரொம்ப நாளாச்சு. மேல்நாட்டுல 78 தட்டு பெரும்பாலும் ஐம்பதுகள் கடைசி வாக்குல நின்னுபோச்சு. இந்தியாவுல அறுபதுகளிலும் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. பீட்டில்ஸ் பாட்டு கூட இங்க 78 தட்டுல வந்திருக்கு. காரணம், சாவிப் பெட்டி இருந்த இடமெல்லாம் அந்தத் தட்டு ஓடும். கல்யாண வீட்டு மைக்செட்காரர் கூட பேட்டரியில ஆம்ப்ளிஃபயரை ஓட்டிக்கிட்டு, தட்டுக்கு மட்டும் சாவி கொடுத்துக்கிட்டிருந்தார். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்து, சிலோன் ரேடியோ வந்து, சாவிப் பெட்டி அட்டாலிக்குப் போச்சு.

வேலை முடிஞ்சதும் அப்பாகிட்ட அறுந்த கவர்னர் தகட்டைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. ராத்திரி சாப்பிடும்போது, "அவனை வரச் சொல்லு"ன்னார். கொஞ்சம் விட்டு, "அவரை"ன்னார்.

நானே போய்க் கூப்பிட்டேன். தகட்டைக் கையில கொடுத்து எல்லாத்தையும் சொன்னேன். பெரியவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க சாமி. நான் எண்ணித்தான் சுத்துவேன். என்னிக்கும் ஒரு சுத்துக் கூடச் சுத்துனதில்லீங்க. யாருகிட்டச் சொல்றது?"

அப்புறம் லேசாச் சிரிச்சுக்கிட்டுச் சொன்னார்: "மூடிக்குள்ள ஒரு நாய் இருக்குமே, இருக்குதுங்களா? அதைப் பார்த்துக்கிட்டேதான் சாவி கொடுப்பேன். அது சொகமா மேல உக்காந்து கேக்குது, நமக்குக் கீழ நிக்கத்தான் எடம்னு நெனச்சுக்குவேன்."

சாமின்னு கூப்பிட வேண்டாம்னு சொன்னேன். சரிங்க சாமின்னார்.

ஞாயித்துக்கிழமை வந்தார். அப்பா ஆசாரத்துல நாற்காலி போடச் சொன்னார். பெரியவர் உள்ள வரலை. திண்ணையில உட்கார்ந்தார். அப்பாவும் வெளிய வந்து திண்ணையிலேயே உட்கார்ந்தார். ரெண்டு பேரும் மழையைப் பத்திக் கொஞ்சம் பேசினாங்க. அந்த நாளைப் பத்தி அப்பா மன்னிப்பு மாதிரி ஒண்ணும் கேக்கலை. பண்ணையத்துப் பழைய வள்ளத்தைக் கொண்டுவரச் சொல்லி, இந்த வருசச் சோளத்துல நாலு வள்ளம் தன் கையாலயே அளந்தார். எண்பது வயசுல குனிஞ்சு அளக்க அவருக்கு முடியலை, இருந்தாலும் என்னைத் தொட விடலை. பெரியவர் வேண்டாம்னு சொல்லலை. சாக்கைப் பிடிச்சு வாங்கிக்கிட்டார். "வட்டி?"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அஞ்சாவது வள்ளமும் விழுந்தது.

சாவியை அவர்கிட்டயே கொடுத்தேன். வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே சுத்தினார். பதினெட்டுல நிறுத்தினார். புது ஊசி மாட்டி வெச்சேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாத்தணும், தட்டுல இருக்கற கல்லு மாவு ஊசியைத் தேய்ச்சுடும். மாத்தாம ஓட்டினா, தேஞ்ச ஊசி கோட்டை வெட்டிடும். முதல்ல மழை பெய்யற மாதிரி இரைச்சல். அதுக்குள்ள இருந்து ஆர்மோனியம், அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், உச்சியில. பெரியவர் உதடு கூடவே அசைஞ்சது.

மூணு நிமிசத்துல தட்டு முடிஞ்சது. ராஜா கோபமா ஏதோ கேக்கறார், பதில் அடுத்த தட்டுல. அந்தத் தட்டைத்தான் நான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அதைச் சொல்லி, கதை இதோட நிக்குதுங்கன்னேன்.

"எதுக்குங்க நிக்குது"ன்னுட்டு, விட்ட இடத்துல இருந்து அவர் பாட ஆரம்பிச்சார். ராணியோட பதில், ராஜா பாட்டு, நடுவுல வர்ற ஆர்மோனியம் எல்லாத்தையும் வாயாலயே. கைபேசியில பதிவு பண்ணி வெச்சிருக்கேன். வெளியில போட வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால இங்க போடலை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றேன்னிருக்கார். செட்டுல முதல் தட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காம்.